மார்ச் கழுவல்

நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த கட்டடத்துக்குப் போன மாதம் ஒரு காரியமாகப் போயிருந்தேன். லிஃப்ட் கதவு திறந்ததும் எலுமிச்சம்பழ நெடி மூக்கில் ஏறியது. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், ஒரு வாளித் தண்ணீருக்கு எவ்வளவு மருந்தம்மா ஊற்றுகிறாய் என்று கேட்டேன். ஓய்வு பெற்று இருபது வருடம் தாண்டியும் இந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

“வாசனை வர்ற வரைக்கும் ஊத்துவோம் சார்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எழுபதுகளில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இப்போது அங்கே துப்புரவு வேலை ஒரு தனியார் கம்பெனியிடம் இருக்கிறது. அதன் மேனேஜர் தம்பி என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். தண்ணீரையும் மருந்தையும் குறைக்கச் சொல்லி அவர்களுக்கு மேலிடத்து உத்தரவாம். ஸ்டோர் ரூம் சுவரில் எனக்கு வந்த பாராட்டுக் கடிதம் இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. “நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கீங்களே சார். எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்க, எங்க பத்திரிகையில போடறோம்” என்றார். எழுதிவிட்டேன். போடுவதும் போடாததும் அவர் பாடு.

திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் நாலு மாடிக் கட்டடம் அது. கீழே வாடகைக் கடைகள், மேலே முழுக்க எங்கள் அலுவலகம். பெயர் வேண்டாம். எழுபத்தொன்றில் நான் அங்கே கேர்டேக்கராகச் சேர்ந்தேன். கேர்டேக்கர் என்றால் ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துத்தான் பாலக்கரையில் எனக்குப் பெண் கொடுத்தார்கள். கக்கூஸ் பீங்கானிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிவரை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பயிற்சி என்று மூன்று நாள் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து பாதி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். கடைசி நாள் போகிற போக்கில், “ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா சேத்துடாதீங்கப்பா, நெஞ்சு போயிடும்” என்றார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வேலை காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். எட்டுப் பேர், எல்லாரும் தினக்கூலி. மரக்கடையிலிருந்து வாங்கிய மரத்தூளை லேசாக ஈரமாக்கித் தரையில் தூவிப் பெருக்க வேண்டும். அப்போதுதான் தூசி எழும்பாமல் தூளோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் சாக்குத் துணியால் பினாயில் தண்ணீர் போட்டுத் துடைப்பது. கழிப்பறையில் மஞ்சள் கறைக்கு ஆசிட், நாற்றத்துக்குப் பிளீச்சிங் பவுடர், தேய்க்கத் தேங்காய் நார். ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்து தரை காய்ந்திருக்க வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்கு சம்பத் சார் வருவார். நிர்வாக அதிகாரி அவர்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார். நெற்றியில் நாமம், கையில் டிபன் பை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு மாடியிலும் படி முடிகிற இடத்தில் நின்று, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுப்பார். தரையைப் பார்க்கவே மாட்டார். பினாயில் நெடி வந்தால் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறுவார். வராவிட்டால் என்னைக் கூப்பிடுவார்.

“என்னப்பா அருளப்பா, வாசனையே இல்லையே? பெருக்கினாளா இல்லையா இன்னிக்கு?”

“துடைச்சாச்சு சார். தரை பளிச்சுன்னு இருக்கு.”

“பளிச்சுன்னு இருந்தா யாருக்குத் தெரியும்? வர மனுஷாளுக்கு மூக்குல தெரியணும். இன்னொரு தரம் போடச் சொல்லு.”

துடைத்த தரையை மறுபடி துடைப்போம். ஒரு வாளிக்கு ஒரு மூடி பினாயில் போதும் என்று டின்னிலேயே அச்சடித்திருக்கும். நாங்கள் அரை டம்ளர் ஊற்றுவோம். அத்தனையும் சாக்கடை வழியாக உய்யக்கொண்டான் வாய்க்காலில் போய்ச் சேரும். ஒருமுறை வாய்க்காலில் துணி துவைக்கிறவர் ஒருவர் வந்து, படித்துறை ஓரம் மீன் செத்து மிதக்கிறது என்று சத்தம் போட்டார். வாட்ச்மேன் அவரைக் கேட்டுக்குள் விடவில்லை. நானும் மேலே நின்று வேடிக்கைதான் பார்த்தேன்.

இதெல்லாம் கூடத் தேவலை. மார்ச் மாதக் கடைசி வாரம் வந்தால்தான் உண்மையான கூத்து. வருடத்துக்கு வேண்டிய சாமானை மொத்தமாக எழுதி வாங்குவது வழக்கம். மார்ச் முடிவில் மிச்சம் இருந்தால், உனக்கு இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறதே என்று அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள். அதனால் மிச்சமே இருக்கக் கூடாது. மேலிடத்திலிருந்து ஆள் வந்து ஸ்டோர் ரூமைத் திறந்து பார்க்கும்போது அலமாரி காலியாக இருக்க வேண்டும். இருப்பதையெல்லாம் தரையில் கொட்டித் தேய்த்து, தண்ணீர் விட்டுத் தள்ளுவோம். நாங்கள் அதற்கு மார்ச் கழுவல் என்று பெயர் வைத்திருந்தோம். காவிரியில் மணல் தெரிகிற மாதத்தில் கட்டடத்தை நாலு நாள் வெள்ளமாகக் கழுவுகிற அபத்தம் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எட்டுப் பேரில் சின்னப்பொண்ணு என்று ஒருத்தி இருந்தாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். புருஷன் இல்லை, ஒரு மகள் மட்டும். அவளைப் பற்றி எல்லாரும் சொல்கிற விஷயம் அவள் குரல். கீழ்ப்படியில் நின்று “அருளண்ணே!” என்றால் மொட்டைமாடியில் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குக் கேட்கும். தண்ணீர் நின்றுவிட்டது, மோட்டார் போடு, நாலாம் மாடியில் வாளி ஓட்டை, எல்லாச் செய்தியும் அந்தக் குரலில்தான் மாடிக்கு மாடி போகும். ஏழு வருடம் தினக்கூலியாக இருந்தவளை அந்த ஏப்ரலில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்கவைக்க அது ஒன்றுதான் அவளுக்கு வழி. பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் கேட்பாள்.

திருச்சியில் பெருவெள்ளம் வந்து போனதற்கு அடுத்த மார்ச் அது. வெள்ளத்தின்போது கீழ்த்தளம் முழுக்கச் சேறு. கிருமி பரவும் என்று பிளீச்சிங் பவுடரை டிரம் டிரம்மாக அனுப்பியிருந்தார்கள். அதில் பாதிகூடச் செலவாகவில்லை. ஆசிட்டும் மூன்று ஜாடி மிச்சம். மறுநாள் காலை ஸ்டோர் ரூம் பார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. சம்பத் சார் என்னைக் கூப்பிட்டு, “சாயங்காலத்துக்குள்ள எல்லாம் தீர்ந்திருக்கணும், கேட்டியா” என்றார்.

காலை ஆறு மணியிலிருந்து பினாயிலைக் கொட்டிக் கழுவினோம். காலையில் போட்ட மோட்டாரைப் பத்து மணிக்கே நிறுத்தியாயிற்று. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடி ஏறித் தொட்டியைப் பார்த்து மறுபடி மோட்டார் போடுவது என் தினசரி வேலை. அன்றைக்கு அவசரத்தில் ஏறவில்லை. ஒரு மணிக்குச் சின்னப்பொண்ணிடம் பவுடர் வாளியையும் ஆசிட் ஜாடியையும் கொடுத்து மூன்றாம் மாடிக் கழிப்பறைக்கு அனுப்பினேன். அப்போது நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

“இத ரெண்டையும் அங்கயே முடிச்சிரு. முதல்ல பவுடரக் கொட்டித் தேய், அப்புறம் ஆசிட்ட ஊத்தித் தேய். கதவச் சாத்திக்க, சாப்பாட்டு நேரம், நெடி வெளிய வரக் கூடாது. மேலேர்ந்து கத்தாத, சார் சாப்பிட்டுட்டு இருக்காரு.”

“சரிண்ணே” என்று போனாள்.

பவுடருக்கும் ஆசிட்டுக்கும் நடுவில் தண்ணீர் விட்டு அலசு என்று நான் சொல்லவில்லை. நோட்டில் எழுதி வைத்தவன் நான். சாமானைத் தீர்க்கிற அவசரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. புறா வருகிறது என்று அந்தக் கழிப்பறையின் காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து அடைத்ததும் நான்தான்.

அரை மணி கழித்து மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவின் அடியிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகப் புகை தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினால் ஏதோ தடுத்தது. தடுத்தது அவள் உடம்பு. வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டேன். கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் நீர் வடிந்தது. முகத்தைக் கழுவலாம் என்று பக்கத்துக் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. காலையிலிருந்து கொட்டிக் கழுவியதில் தொட்டி வறண்டுபோயிருந்தது. குடிக்க வைத்திருந்த மண்பானைத் தண்ணீரைத் தூக்கி வந்து ஊற்றினேன். சம்பத் சார் எச்சில் கையோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். நுரையீரல் வெந்துபோயிருக்கிறது, இனிமேல் இப்படித்தான் என்றார். நான் பார்க்கப் போனபோது ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உலர்ந்த ஓலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சம்பத் சார் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி. வாசலிலிருந்து பார்த்தால் கொல்லைவரை நேராகத் தெரிகிற வீடு. நடையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள், உட்கார்ந்தேன். கொல்லையில் மாமி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையால் பித்தளை, அடுப்புச் சாம்பலால் மற்றதெல்லாம். ஒரு சின்ன அண்டாத் தண்ணீர்தான். முதலில் டம்ளர்கள், அதே தண்ணீரில் தட்டுகள், கடைசியில் கரிப்பிடித்த பாத்திரம். அந்தத் தண்ணீரும் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழை மரத்தடிக்குப் போயிற்று. வீட்டில் ஒரு நெடியும் இல்லை. தரை அப்படி ஒரு சுத்தம். இந்த வீட்டிலிருந்து கிளம்பி வருகிற மனிதர்தான் என்னிடம் இன்னொரு தரம் ஊற்றச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்பத் சார் டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். நடுவில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசும்படி நான் தெளிவாகச் சொன்னதாகவும், அந்தப் பெண் கவனக்குறைவால் அப்படிச் செய்யவில்லை என்றும் அதில் இருந்தது.

“சார், நான் அலசச் சொல்லலை.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

“சொல்லலேன்னா உன் உத்தியோகம் போயிடும் அருளப்பா. ஒரே நாள்ல எல்லாத்தையும் எதுக்குக் கொட்டினேள்னு கேப்பா. அப்பறம் என்னுதும் போயிடும். ரெண்டு குடும்பம் தெருவுல நிக்கும். அவளுக்கு வேற விதமா ஏதாவது பண்ணலாம், நான் பாத்துக்கறேன்.”

“அவ தப்புன்னு எழுதினா வேலை நிரந்தரம் ஆகாதே சார். நஷ்ட ஈடும் வராது.”

“தெரியும்ப்பா” என்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள், மூன்றாவது என் மனைவி வயிற்றில். அவர் நீட்டிய பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன். மாமி காபி கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை நானே கொல்லைக்கு வெளியே போய்க் கழுவிக் கவிழ்த்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே அதுதான் வழக்கம். அரைச் செம்புத் தண்ணீர் போதுமாக இருந்தது.

சின்னப்பொண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூன் மாதம் சம்பத் சாருக்கு மாற்றல் வந்தது. வேறு விதமாக ஏதாவது செய்வதாகச் சொன்னது அத்தோடு போயிற்று. நான் மட்டும் என்ன செய்து கிழித்தேன்? ஆறு வருடம் பொன்மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மேனேஜர் தம்பி கேட்ட விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த விபத்துக்கு அப்புறம் ஆசிட்டைக் கட்டடத்துக்குள் வரவே விடவில்லை. பீங்கான் கறைக்குப் புளியும் உப்பும் போட்டு ஊறவைத்துச் செங்கல் தூளால் தேய்க்கச் சொன்னேன். முனகினார்கள், ஆனாலும் கறை போயிற்று. பினாயில் டின்னின் மூடியைக் கயிற்றில் கட்டி வாளிக்கு ஒரு மூடி என்று வைத்தேன். துடைக்கப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர். மேல் மாடியை அலசிய தண்ணீர் கீழ்மாடிக் கழிப்பறைக்கு இறங்கும். எல்லாம் மாமியின் கொல்லையில் பார்த்ததுதான். ஜன்னல் கண்ணாடிக்குச் சோப்பு வேண்டாம், ஈரக் காகிதம் போதும் என்றேன். பழைய செய்தித்தாளை பியூன்கள் கடையில் போட்டு டீ குடிப்பார்கள், அதில் கைவைக்க முடியாது. அதனால் காலாவதி என்று ஒதுக்கிய பழைய கோப்புக் கட்டுகளைக் கேட்டு வாங்கினேன். அடுத்த மார்ச்சில் ஸ்டோர் ரூமில் சாமான் மிச்சம் இருந்தது. நான் கொட்டவில்லை. வந்த ஆள் கேட்டதற்கு, எங்களுக்கு இவ்வளவு வேண்டாம், வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எண்பதுகளின் நடுவில் வந்த புது அதிகாரி இதைக் கவனித்து, குடியரசு தின விழாவில் பாராட்டுக் கடிதம் வாசித்துக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தியின் மூச்சை எடுத்துக்கொண்டு கற்ற பாடத்துக்கு எனக்கு மாலை போடுகிறார்கள் என்று உடம்பு கூசியது. அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப என்கிட்ட சொல்லி என்ன ஆவுது?” என்றார்.

மறுநாள் பொன்மலைக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஈர்க்குச்சி சீவித் துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுகூட முழுசாக ஆகியிருக்காது, பார்த்தால் அறுபது சொல்லலாம். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கட்டிக்கொடுத்தாயிற்று. நின்றபடியே சொன்னேன், அன்றைக்கு நான் அலசச் சொல்லாததையும், சொன்னதாகக் கையெழுத்துப் போட்டதையும்.

“உக்காருங்கண்ணே” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது. “ரெண்டும் சேந்தா மூச்சு முட்டும்னு எங்களுக்குத் தெரியாதா? பவுடரத் தேச்சுட்டு அலசத்தாண்ணே குழாயத் தொறந்தேன். தண்ணி வரல.”

“என்னக் கூப்பிட்டிருக்கலாமே, மோட்டார் போட்டிருப்பேனே” என்றேன்.

“கத்தாதன்னு சொன்னீங்களேண்ணே.”

அவளே தொடர்ந்தாள். “இறங்கி வந்து சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நேரமாயி, சாமான் தீரலன்னு சார் உங்களத்தான் ஏசுவாரு. ஒரு நிமிஷந்தான, ஊத்திட்டு ஓடியாந்துரலாம்னு ஊத்திட்டேன்.”

அன்று மத்தியானமே அலுவலகம் போய் நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்ற முடிவோடு ரெக்கார்ட் குமாஸ்தாவிடம் நீட்டி, அந்த விபத்துக் கோப்பில் இதைச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

“அந்த வருஷத்துக் கோப்பெல்லாம் கெடு முடிஞ்சு ஒதுக்கியாச்சே அருளப்பன். போன டிசம்பர்ல கட்டுக்கட்டா உங்ககிட்டதானே கொடுத்தோம், கண்ணாடி துடைக்க.”

ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். இரண்டு கட்டு மிச்சம் இருந்தது, இரண்டும் வேறு வருடத்தவை. நாலு மாடியிலும் ஜன்னல்கள் பளபளவென்று இருந்தன. என் கையெழுத்தை நனைத்துக் கசக்கி எந்த ஜன்னலைத் துடைத்தோம் என்று யாருக்குத் தெரியும்? கோப்பே இல்லாத விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுத முடியாது என்று அதிகாரி கையை விரித்துவிட்டார்.

திரும்பவும் பொன்மலைக்குப் போய் இதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பொய்க் கையெழுத்து ஆகிவிடும் என்று தோன்றியது. சின்னப்பொண்ணு கையிலிருந்த ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஒரு காலத்தில் அவள் கீழ்ப்படியில் நின்று சிரித்தால் மொட்டைமாடியில் எனக்குக் கேட்கும். அன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.